பென்சிலில் எழுதிய தாள்: நகோயாவில் ஆறு நாள்

நவம்பர் 16, ஞாயிறு: நகோயா

ஜன்னலுக்கு வெளியே கடைசி வரை கடல்தான் தெரிந்தது. சக்கரம் தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஓடுபாதை கண்ணுக்கு வந்தது. நகோயாவின் சென்ட்ரேர் விமான நிலையம் இசே விரிகுடாவில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவில் இருக்கிறது, 2005-ல் திறந்தார்கள். வெளியே நல்ல வெயில், ஆனால் காற்று காதைக் கடித்தது.

எதற்கு வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. ஐந்து நாடுகளில் ஆலை. ஐந்திலும் ஒரே வேலையை ஒரே மாதிரி செய்ய வைப்பது என் பொறுப்பு. மூன்று வருஷமாக எஸ்.ஓ.பி. என்கிற செய்முறைத் தாள் எழுதுகிறேன், லேமினேட் செய்கிறேன், மெஷினுக்கு மேலே மாட்டுகிறேன், ஆடிட் போகிறேன். போன ஏப்ரலில் எங்கள் அசெம்ப்ளி லைனில் செய்யாறு பக்கத்துப் பெண் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, பாகத்தைப் பிடித்து நிற்கிற தாங்கியைக் காட்டி, "சார், இந்த ஃபிக்ஸரை நாலு விரற்கடை இந்தப் பக்கம் தள்ளினா கை குறுக்க போகாது" என்று செய்தே காட்டினார். மூன்று நொடி மிச்சம், தோள்வலியும் குறையும். சரியாகத்தான் சொன்னார். ஆனால் ஐந்து ஆலைக்கும் ஒரே தாள் என்பதால், அதில் ஒரு வரியை மாற்றத் தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழு மாதம் ஆகிறது. ஃபிக்ஸர் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பெண் இப்போது என்னிடம் எதுவும் சொல்வதில்லை. அதுதான் மனதை அரிக்கிறது.

இங்கே ஒரு நாள் அலுவலக வேலை, ஒரு நாள் சப்ளையர் பட்டறை. மிச்சம் என் சொந்த லீவு.

ராத்திரிச் சாப்பாடு ஹோட்டலுக்குக் கீழே இருந்த கன்வீனியன்ஸ் ஸ்டோரில். முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை, உள்ளே உப்பில் ஊறிய உமேபோஷிப் பழம். நம் உப்பு நார்த்தங்காயை நினைவுபடுத்துகிற புளிப்பு. 160 யென், ஏறக்குறைய 90 ரூபாய். நான் இழுத்த இழுப்பில் சோற்றைச் சுற்ற வேண்டிய கடற்பாசித் தாள் கிழிந்து உறையோடே வந்துவிட்டது. அப்புறம்தான் உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருப்பதைப் பார்த்தேன். முதலில் நடுவில் உள்ள கீற்றை உரிக்க வேண்டும், பிறகு ஒரு மூலை, பிறகு மறு மூலை. இரண்டாவது உருண்டையை அந்த வரிசைப்படி பிரித்தேன். பாசித் தாள் மொறுமொறுவென்று சோற்றைச் சுற்றி அப்படியே நின்றது. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவனுக்கும் புரிகிற எஸ்.ஓ.பி.! உறையை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 17, திங்கள்: சாகோ

டொயோட்டாவின் தொழில் தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகத்தைப் பார்க்கக் கிளம்பினேன். மெய்டெட்சு ரயிலில் நகோயாவுக்கு அடுத்த ஸ்டேஷன் சாகோ. அங்கிருந்து மூன்று நிமிஷ நடை. சிவப்புச் செங்கல் கட்டடம், பழைய நூற்பு நெசவு ஆலை. கேட் மூடியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை நான் பார்க்காமல் வந்துவிட்டேன். காவலாளிப் பெரியவர், தப்பு அவருடையது போலக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். உள்ளே போய் ஒரு காலண்டர் தாளைக் கொண்டுவந்து, திறக்கும் நாட்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். வெள்ளிக்கிழமை மேல் விரலை வைத்து நான் தலையாட்டியதும்தான் அவர் முகம் தெளிந்தது.

தூறல் வேறு. பக்கத்துத் தெருவில் ஒரு காபிக் கடைக்குள் ஒதுங்கினேன். நகோயாவில் காலை 11 மணி வரை காபி கேட்டால் போதும். டோஸ்ட்டும் அவித்த முட்டையும் காபி விலையிலேயே வந்துவிடும். இதற்கு 'மார்னிங்' என்றே பெயர். 480 யென். டோஸ்ட்டின் மேல் வெண்ணெய், அதற்கு மேல் இனிப்பாக மசித்த சிவப்புப் பயறு. நம் போளிப் பூரணத்தை ரொட்டியில் தடவினது போல இருந்தது. இரண்டு துண்டும் காலி.

கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் சீட்டுக் கட்டுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே வாங்கிக் கடையிலேயே விட்டுப்போன காபிச் சீட்டுகளாம். ஒருவர் வந்து உட்கார்ந்ததுமே கடைக்கார அம்மா அவர் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்தார். யாரும் எதுவும் பேசவில்லை. கட்டு மெலிந்தால் இரண்டு பேருக்குமே கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் கான்பான் அட்டை என்று இதைத்தான் சொல்கிறோம். எடுத்தால் அட்டை திரும்பும். திரும்பிய அட்டைக்கு மட்டும் செய்து வை. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் எடுத்த இடத்தை மட்டும் நிரப்புகிற பழக்கத்திலிருந்துதான் டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோவுக்கு இந்த யோசனை வந்தது. பயிற்சி வகுப்பில் இதைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். சீட்டுக் கிழிபடும் சத்தத்தோடு இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்: நகோயா

பகல் முழுக்க மீட்டிங் அறை. எழுத ஒன்றுமில்லை.

ஆனால் காலையில் மெய்டெட்சு நகோயா ஸ்டேஷனில் அரை மணி நேரம் வேண்டுமென்றே நின்றேன். தரைக்கு அடியில் இருக்கிற அந்த ஸ்டேஷனில் தண்டவாளம் இரண்டுதான். அந்த இரண்டில்தான் எல்லாத் திசை ரயிலும், ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்றாக வருகிறது. எந்த ஊர் ரயிலுக்கு எங்கே நிற்பது என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். ஜனம் அவரவர் நிறத்தில் வரிசை கட்டுகிறது. ஒரு ரயில் போனதும் அடுத்த நிறத்து வரிசை முன்னால் நகர்கிறது. ரயில் கார்டு கையை நீட்டி சிக்னலைச் சுட்டி, வாய்விட்டுச் சொல்லி, அப்புறம்தான் கதவை மூடுகிறார். பக்கத்தில் யாரும் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்கிறார். கண் பார்த்ததைக் கையும் வாயும் சேர்ந்து உறுதி செய்தால் தப்பு குறையும் என்பது ஜப்பான் ரயில்வேயின் நெடுநாள் பழக்கம்.

ராத்திரி, இங்கே வேலை பார்க்கிற திண்டுக்கல் தம்பி ஒருவர் ஹிட்சுமபுஷி சாப்பிட அழைத்துப் போனார். நாளை மறுநாள் எனக்கு மொழிபெயர்க்கப் போகிறவரும் அவர்தான். மரக் கிண்ணத்தில் சூடான சோறு, மேலே கரியில் வாட்டிய விலாங்கு மீன். ஆளுக்கு 4,600 யென். கொஞ்சம் கனமான விலைதான். இதைச் சாப்பிட ஒரு முறை இருக்கிறது. சோற்றை நான்காகப் பிரிக்க வேண்டும். முதல் பங்கை வெறுமனே. இரண்டாவதை வெங்காயத் தாளும் வசாபியும் சேர்த்து. மூன்றாவதில் சூடான சாறு ஊற்றி, நம் ரசம் சாதம் போல.

"நாலாவது?" என்று கேட்டேன்.

"அது உங்க இஷ்டம்ணா. மூணுல எது பிடிச்சுதோ அப்படி."

நான் சாறு ஊற்றிக்கொண்டேன். மூன்றையும் ஒழுங்காகச் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு எது பிடிக்கும் என்று சொல்ல முடிந்தது.

நவம்பர் 19, புதன்: டொயோட்டா நகரம்

இந்த ஊரின் பழைய பெயர் கொரோமோ. பட்டுக்குப் பேர்போன ஊர். 1959-ல் கார் கம்பெனியின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். அதே வருஷம்தான் மோட்டோமாச்சி ஆலையும் தொடங்கியது. இன்றைக்கு அதைப் பார்க்க முன்பதிவு.

ஷின்-டொயோட்டா ஸ்டேஷனில் எதிர்த்திசை ரயிலில் ஏறிவிட்டேன். அடுத்த ஸ்டேஷன் பெயரைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. இறங்கி நின்றால் ஈ காக்கை இல்லை. தொப்பி போட்ட ஒரு பெரியவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் படியேற்றி எதிர்ப்புறம் கொண்டுபோய் விட்டு, ரயில் வரும்வரை கூடவே நின்றார். அவர் போக வேண்டிய ரயில் அதற்குள் போய்விட்டது. நான் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன், அவரும் கும்பிட்டார். மிகாவா-டொயோட்டாவில் இறங்கி அரை ஓட்டமாக, ஆலையைப் பார்க்க வருகிறவர்கள் கூடுகிற டொயோட்டா கைகானுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு நிமிஷம் மிச்சம். குளிரிலும் சட்டை நனைந்திருந்தது.

ஆலைக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. நல்லதுதான், கண்ணால் பார்க்கலாம்.

லைனுக்கு மேலே நடைபாதை. கீழே கார்கள் மெதுவாக நகர்கின்றன. என் கண் ஓர் இளைஞர் மேல் நின்றது. கதவுக்குள் ஏதோ ஒரு கிளிப் உட்காரவில்லை போல. தலைக்கு மேலே இருந்த கயிற்றைச் சட்டென்று இழுத்தார். மஞ்சள் விளக்கு எரிந்தது. பொம்மைப் பெட்டி போல ஒரு பாட்டுக் கேட்டது. ஒவ்வோர் இடத்துக்கும் வேறு பாட்டு. அதனால் டீம் லீடர் பலகையைப் பார்க்காமலேயே எங்கே என்று தெரிந்து நேராக வந்தார். வந்தவர் முதலில் அந்த இளைஞரைப் பார்த்துத் தலையை அசைத்தார். அப்புறம் குனிந்து கிளிப்பைப் பார்த்தார். இருவரும் ஏதோ பேசினார்கள். கயிறு மறுபடி இழுபட்டது, பாட்டு நின்றது. என் கடிகாரத்தில் முப்பது நொடி ஆகவில்லை. கார் தரையில் போட்டிருக்கிற கோட்டைத் தாண்டுவதற்குள் சரியாகவில்லை என்றால்தான் லைன் நிற்குமாம்.

இந்தக் கயிறு எங்கள் ஆலையிலும் இருக்கிறது. அதே உயரம், அதே மஞ்சள் விளக்கு, தாளில் அதே வாசகம். ஆனால் இழுத்தவர் சாயங்காலக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அதனால் யாரும் இழுப்பதில்லை. மாதக் கடைசியில் ரீவொர்க் மேஜையில், திருத்திச் செய்ய வேண்டிய பாகங்கள் குவிந்துகிடக்கின்றன. கயிற்றை ஐந்து நாட்டுக்கும் அனுப்பினோம். இழுக்கிறவரைப் பார்த்துத் தலையசைக்கிற அந்தப் பழக்கத்தை அனுப்பவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை ஞாபகம் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஆலை அது. 1984-ல் டொயோட்டாவோடு சேர்ந்து, பழைய தொழிலாளர்களில் பெரும்பாலானோரை வைத்தே, நூமி (NUMMI) என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். சண்டைக்கும் வேலைக்கு வராமைக்கும் பேர்போன அதே ஆட்கள் ஜப்பான் ஆலைக்கு நிகரான தரத்தில் கார் செய்தார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் போன ஜி.எம். மேலாளர்களால் தங்கள் மற்ற ஆலைகளில் அதை அவ்வளவு எளிதாகக் கொண்டுவர முடியவில்லை.

டொயோட்டாவுக்கும் இது சுலபமாக இல்லை. வெளிநாட்டு ஆலைகள் பெருகியபோது, 2003-ல் இதே மோட்டோமாச்சியில் உலக உற்பத்தி மையம் என்று ஒன்றைத் தொடங்கி, திருகு முடுக்குவது, பெயின்ட் அடிப்பது மாதிரியான அடிப்படை வேலைகளைப் படக் கையேடுகளாக்கி, பல நாட்டுப் பயிற்சியாளர்களை இங்கே வரவழைத்துக் கற்பித்தார்கள். அப்படியும், கோளாறுக்காகக் கார்களைத் திரும்ப அழைத்த பெரிய ரீகால்களுக்குப் பிறகு 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்த அன்றைய கம்பெனித் தலைவர் அகியோ டொயோடா, ஆட்களை வளர்க்கிற வேகத்தைவிடக் கம்பெனி வளர்ந்த வேகம் அதிகமாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். இந்த ஒன்றுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ராத்திரி மிசோ குழம்பில் கொதிக்கக் கொதிக்க உடோன் நூடுல்ஸ். 1,300 யென். நாக்கு வெந்துவிட்டது.

நவம்பர் 20, வியாழன்: கரியா

கரியாவில் ஒரு சின்னப் பட்டறை. முப்பது பேர். பிரெஸ், டிரில், லேத். ஓனருக்கு எழுபது வயதிருக்கும். தொழிலாளிகள் போட்டிருந்த அதே சாம்பல் சட்டை. உள்ளே நுழைந்ததும் எங்களுக்கு அவரே செருப்பு எடுத்துவைத்தார். திண்டுக்கல் தம்பிக்கே கூச்சமாகிவிட்டது.

டிரில்லிங் மெஷின் பக்கத்தில் கிளிப் பலகையில் ஒரு தாள். அதைத்தான் எழுத வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பென்சிலில் வரைந்தது. மூன்று மெஷின்களையும் கட்டம் கட்டமாகப் போட்டு, ஆள் நடக்கிற வழியைக் கோடாக இழுத்து, ஓரத்தில் ஒவ்வொரு வேலைக்கும் நொடிக் கணக்கு. எத்தனை நொடிக்கு ஒரு பாகம் வர வேண்டும், எந்த வரிசையில் செய்வது, இடையில் எத்தனை பாகம் கையிருப்பு. மூன்றே விஷயம்தான். இரண்டாவது கட்டத்துக்குப் பக்கத்தில் அழித்து அழித்துத் தாளே மெலிந்து, வெளிச்சம் ஊடுருவியது. மூலைகளில் எண்ணெய்க் கை ரேகை. கீழே சிவப்பு மையில் வட்ட முத்திரைகள், வரிசையாக ஐந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. கடைசித் தேதிக்குப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

யார் எழுதியது என்று கேட்டேன். மெஷினில் நின்றிருந்த அம்மாவே கையைத் தூக்கினார். ஐம்பது வயதிருக்கும்.

"ஆளாளுக்கு மாத்தினா அப்புறம் ஸ்டாண்டர்டுக்கு என்ன அர்த்தம்னு கேளுங்க" என்றேன் தம்பியிடம். எங்கள் தலைமை அலுவலகம் என்னிடம் கேட்கும் கேள்வி அது.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். தம்பி மொழிபெயர்த்தார்: "தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் எல்லாரும் செய்யணுமாம்ணா. ராத்திரி ஷிப்டும் அப்படித்தான். இவங்களுக்கே இதைவிட நல்ல வழி தோணினாலும், தாள்ல ஏறாம செய்யக் கூடாதாம். தோணினதும் ஓனர்கிட்ட சொல்வாங்க. அன்னிக்கே ரெண்டு பேரும் நின்னு செஞ்சு பார்ப்பாங்க. சரின்னா அழிச்சுட்டு எழுதி, அவர் முத்திரை வைப்பார். ராத்திரி ஷிப்டுக்கு இவங்களே இருந்து சொல்லிக்கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்களாம்."

ஏழு மாதம் எங்கே, ஒரு நாள் எங்கே!

ஸ்டாண்டர்டு இல்லாத இடத்தில் கைசன், அதாவது தொடர்ந்து மேம்படுத்துவது, இல்லை என்பது ஓனோ பெயரில் வழங்குகிற வாக்கு. எங்கள் ஆலைச் சுவரிலும் எழுதியிருக்கிறது. அதை நான் 'முதலில் ஸ்டாண்டர்டு, கைசன் பிறகு' என்றே புரிந்துவைத்திருந்தேன். இந்தத் தாளில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன. நேற்று எத்தனை நொடி என்று எழுதிவைத்திருப்பதால்தான் இன்றைக்கு இரண்டு நொடி குறைந்ததா என்று அந்த அம்மாவால் சொல்ல முடிகிறது.

டீ குடிக்கும்போது ஓனர் 1997 தீ விபத்தைப் பற்றிச் சொன்னார். அந்த வருஷம் பிப்ரவரி 1-ம் தேதி இதே கரியாவில் ஐசின் ஆலை எரிந்தது. டொயோட்டாவின் ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் பிரேக் வால்வு அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. கையிருப்போ மிகக் கொஞ்சம். டொயோட்டா ஆலைகள் நின்றன. ஆனால் வரைபடத்தை வாங்கிக்கொண்டு சுற்றுவட்டாரக் கம்பெனிகள் ஆளுக்குக் கொஞ்சமாக வால்வு செய்யத் தொடங்கின. தையல் மெஷின் செய்கிற பிரதரும் அதில் ஒன்று. ஒரு வாரத்துக்குள் லைன்கள் ஓடத் தொடங்கிவிட்டன. எல்லோரும் ஒரே விதமாகத் தாள் எழுதிப் பழகியவர்கள் என்பதால் அடுத்தவர் வேலை புரிவதற்கு நேரம் ஆகவில்லை என்பது ஓனரின் கணக்கு.

இதெல்லாம் ஜப்பானுக்குத்தான் சரிப்படும் என்று எங்கள் ஆட்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-லேயே, தரத்துக்காக ஜப்பான் தருகிற டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவுக்கு அதுதான் முதல். 2002-ல் டி.வி.எஸ். மோட்டாரும் வாங்கியது. அந்த லைன்களில் நின்றவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான்.

ராத்திரி தலைமை அலுவலகத்துக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். பாதுகாப்பும் வாடிக்கையாளரின் அளவுகளும் ஐந்து ஆலைக்கும் பொதுவாகவே இருக்கட்டும். கை எங்கே போகிறது, ஃபிக்ஸர் எங்கே நிற்கிறது என்பதை அந்தந்த ஆலையில் ஷிப்ட் லீடர் கையெழுத்தோடு அன்றைக்கே மாற்ற அனுமதி வேண்டும். மாற்றியதை வாரம் ஒரு தடவை மற்ற நான்கு ஆலைக்கும் அனுப்புகிறோம். செய்யாறுப் பெண்ணின் மூன்று நொடியை முதல் உதாரணமாகப் போட்டேன். இரண்டு மணிக்கு அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன்.

நவம்பர் 21, வெள்ளி: மறுபடியும் சாகோ

பதில் வரவில்லை. விமானம் ராத்திரிக்குத்தான். அருங்காட்சியகக் காவலாளிப் பெரியவர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

டொயோட்டா குழுமத்துக்கு வித்திட்ட சாகிச்சி டொயோடா தச்சர் மகன். அம்மா தறியில் படுகிற பாட்டைப் பார்த்து வளர்ந்தவர் என்பார்கள். 1891-ல் மரத்தறிக்கு முதல் காப்புரிமை. 1924-ல் ஜி டைப் தானியங்கித் தறி. தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடாவை மாற்றிக்கொள்ளும். 1929-ல் இங்கிலாந்தின் ஓல்டாமிலிருந்த பிளாட் பிரதர்ஸ் அதன் காப்புரிமையை வாங்கியது. தறி உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த ஊர் அது!

அந்தத் தறி முன்னால் வெகுநேரம் நின்றேன். எங்கள் வீடு சோமனூர்ப் பக்கம். அப்பாவுக்கு எட்டு விசைத்தறி, எல்லாம் சாதாத் தறி. பாவில், அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூலில், ஓர் இழை அறுந்தாலும் தறி பாட்டுக்கு ஓடும், துணியில் நீளமாகக் கோடு விழும், கூலியில் பிடிப்பார்கள். அப்பா எட்டுத் தறிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பார், இழை அறுவதைப் பார்ப்பதற்கென்றே. இங்கே ஒவ்வொரு பாவு இழையிலும் மெல்லிய தகடு ஒன்று தொங்குகிறது. இழை இழுவையாக இருக்கும்வரை தகடு மேலே நிற்கும். அறுந்தால் விழும், விழுந்த தகடு உள்ளே ஆடுகிற பட்டையை மறிக்கும், தறி நின்றுவிடும். நேற்று முன்தினம் பார்த்த கயிற்றுக்குத் தாய் இதுதான்.

அனுமதி கேட்டுக்கொண்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். இங்கே பதினொன்று, சோமனூரில் ஏழரை. அவர் பின்னால் தறிச் சத்தம். விளக்கம் சொல்கிற பெண் கத்தரியால் ஓர் இழையை நறுக்கினார். 'டக்' என்று தறி நின்றது.

"நிக்குது, சரி" என்றார் அப்பா. "அறுந்த எழைய யாரு கட்டறது கண்ணு?"

போனை அந்தப் பெண்ணின் கை பக்கம் திருப்பினேன். இரண்டு நுனிகளையும் எடுத்துக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றி, இழுத்தார். முடிச்சு விழுந்ததே கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்பா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்க வேண்டும். திரை முழுக்க அவர் கண்ணாடிதான் தெரிந்தது.

"இன்னொருக்கா போடச் சொல்லு."

சைகையில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வேறோர் இழையை நறுக்கி, இந்தத் தடவை மெதுவாகக் கட்டிக் காட்டினார்.